இடவலம் மாறிய ஹாங்க் ஆரன்: அச்சுப்பிழை உள்ள பேஸ்பால் கார்டுக்குத் தனி விலை உண்டா?

கேள்வி (டல்லாஸிலிருந்து ஒருவர்) – 2024 ஜனவரி 6

பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு ஷூ பெட்டி நிறைய, ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் கார்டுகளை என் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் டாப்ஸ் கம்பெனி 1957-ல் போட்ட ஹாங்க் ஆரன் கார்டு ஒன்று இருக்கிறது. ஆரன் வலது கை ஆட்டக்காரர். கார்டில் இடது கைக்காரர் மாதிரி மட்டை பிடித்து நிற்கிறார். சட்டையில் உள்ள 44 கூட கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கிறது. அச்சுப்பிழை கார்டு என்றால் பல மடங்கு விலை போகும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். பையனின் காலேஜ் செலவில் கொஞ்சமாவது தேறுமா?

ஜனவரி 6, இரவு

பிழையை நம்பிக் கணக்குப் போட்டால் தேறாது.

1957 டாப்ஸ் ஆரன் கார்டு அத்தனையும் அப்படித்தான் இருக்கும். படம் திரும்பியிருப்பதை டாப்ஸ் திருத்தவே இல்லை. சரியான ஆரன் என்று ஒன்று அச்சாகவில்லை என்றால் பிழையான ஆரனுக்கு எப்படித் தனி விலை வரும்? நீங்கள் வாங்கப் போகும் பணம் ஆரனுக்கும் கார்டின் நிலைமைக்கும்தான். மூலைகள் மழுங்காமல் இருக்கிறதா, நாலு பக்கமும் வெள்ளை ஓரம் சமமாக இருக்கிறதா, மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே நல்ல தொகை. முதலில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் கழற்றுங்கள்.

ஜனவரி 7

எப்படி இந்தத் தப்பு நடக்கும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்தவனிடம் கேட்டால் பதில் நீளும், பரவாயில்லையா?

ஃபிலிமுக்கு இரண்டு முகம். ஒன்று பளபளப்பு, இன்னொன்று மருந்து பூசிய மங்கல். லைட் டேபிளில் வைக்கும்போது எது மேலே என்று சந்தேகம் வந்தால் ஓரத்தை ஊசியால் லேசாகச் சுரண்டிப் பார்ப்போம். மருந்துப் பக்கம் என்றால் கீறல் விழும். எழுத்து உள்ள ஃபிலிமைத் திருப்பிப் போட்டால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். படம் மட்டும் உள்ள ஃபிலிமில்தான் வழுக்கும். கார்டில் படம் தனி, பெயர் எழுத்து தனி. பெயரை நேராக வைத்துவிட்டுப் படத்தைக் குப்புறப் போட்டால் ஆரன் இடது கைக்காரர் ஆகிவிடுவார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் வரை டாப்ஸ் கார்டில் இருந்தது கையால் வண்ணம் தீட்டிய படம். 1957-ல்தான் நேரடி வண்ணப் புகைப்படத்துக்கு மாறினார்கள். இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் என்ற அளவும் அந்த வருடம் வந்ததுதான், இன்று வரை அதே அளவு. ஓவியர் வரையும்போது யார் எந்தக் கை என்று ஒருமுறையாவது யோசித்திருப்பார். ஃபிலிம் வந்த பிறகு யோசிக்கிற ஆள் குறைந்துவிட்டான்.

எங்கள் பக்கத்து பிரஸ்ஸில் காலண்டர் சீசனில் ஒரு பிள்ளையார் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இடம்புரி வலம்புரி ஆகிவிட்டது. ஓட்டம் முடிந்த பிறகுதான் கவனித்தார்கள். பார்ட்டி வந்து பார்த்துவிட்டு, வலம்புரி இன்னும் விசேஷம், அடுத்த வருடமும் இதையே போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அச்சுப்பிழையால் மதிப்பு கூடிய கதை எனக்கு நேரில் தெரிந்து அது ஒன்றுதான்.

ஜனவரி 7, இன்னும் கொஞ்சம் கழித்து

டல்லாஸ்காரருக்கு: அதே பெட்டியில் அதே 1957 வரிசையில் 176-ஆம் எண் கார்டு இருக்கிறதா பாருங்கள். ஜீன் பேக்கர். கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் அவர் பெயரைப் படியுங்கள். கடைசி எழுத்தான 'ஆர்' (R) என்பதன் சாய்ந்த கால் அச்சாகாமல் போய், 'பி' (P) மாதிரி தெரிகிற கார்டுகள் உண்டு. 'பேக்கர்' அங்கே 'பேக்கெப்' ஆகிவிடும். சாதாரண ஜீன் பேக்கர் கார்டு சில்லறைக் காசு. கால் போன பேக்கருக்குப் பெரிய விலை.

ஆரனின் மொத்த உடம்பே திரும்பி நிற்கிறது, அதற்கு ஒரு டாலர் கூட அதிகம் கிடையாது. இங்கே மயிரிழை அளவு மை விழவில்லை, அதற்கு ஏலம். இதில் நியாயம் தேடாதீர்கள்.

ஜனவரி 9

"அப்படியானால் திருத்தினால் விலை, திருத்தாவிட்டால் விலை இல்லை, அவ்வளவுதானே சார்?" என்று நியூ ஜெர்சித் தம்பி ஒரே வரியில் முடித்துவிட்டார். பாதி சரி. அந்தப் பாதியை நன்றாகக் காட்டுவது டி206.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த கார்டு வரிசை அது. ஒன்றரை அங்குல அகலம் கூட வராது, உள்ளங்கையில் நாலைந்து அடுக்கிவிடலாம். டி206 என்பது கம்பெனி வைத்த பெயர் இல்லை. பின்னாளில் ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் அமெரிக்கக் கார்டுகளையெல்லாம் பட்டியல் போட்டபோது கொடுத்த எண். டி (T) என்றால் டொபாக்கோ, அதாவது புகையிலை. மனிதர் சேர்த்த லட்சக்கணக்கான கார்டுகள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கின்றன.

இந்த வரிசையில் பிலடெல்பியா ஆட்டக்காரர் ஷெரி மேகீயின் பெயரை ஓர் எழுத்து மாற்றிப் போட்டுவிட்டார்கள். Magee என்று இரண்டு 'ஈ' வர வேண்டிய இடத்தில் 'ஐ, ஈ' வந்து Magie ஆகிவிட்டது. சீக்கிரமே யாரோ கவனித்துத் திருத்தினார்கள். அதனால் பிழையான மேகீ ஒரே ஒரு விதமான பின்பக்கத்தோடுதான் வரும்: பீட்மாண்ட் சிகரெட் விளம்பரம், '150 படங்கள்' என்ற வாசகம். வேறு சிகரெட் பெயர் பின்னால் இருந்து முன்னால் பிழை இருந்தால் காசைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

சாதாரண மேகீயை வாங்கக் கொஞ்சம் ஆசை இருந்தால் போதும். பிழையான மேகீயை வாங்க வீட்டை அடகு வைக்க வேண்டும்.

அதே வரிசையில் ஜோ டாயில் கதை இன்னும் வேடிக்கை. நியூயார்க்கில் அப்போது இரண்டு டாயில்கள். ஜயண்ட்ஸ் அணியில் லாரி டாயில், அது நேஷனல் லீக். ஹைலாண்டர்ஸ் அணியில் பந்து வீசிய ஜோ டாயில், அது அமெரிக்கன் லீக். ஜோவின் கார்டில் ஊர் பெயருக்குப் பக்கத்தில் நேஷனல் லீக் என்று போட்டுவிட்டார்கள். அப்புறம் அந்தச் சொல்லை மட்டும் தூக்கிவிட்டு ஓட்டினார்கள். தூக்குவதற்கு முன் வெளியே போன கார்டுகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே கிடைத்திருக்கின்றன. எனக்குத் தெரிந்து, எழுதப் படிக்கத் தெரிந்தவன் செய்கிற பிழைகளில் இதுதான் மிகவும் மன்னிக்கத்தக்கது. ஒரே ஊர், ஒரே பெயர், இரண்டு அணி. ப்ரூஃப் ரீடர் என்ன செய்வார்?

ஜனவரி 10

இல்லை, அதே டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர் கார்டு அச்சுப்பிழை இல்லை. இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். அவர் தன் படத்தைப் போட ஒத்துக்கொள்ளாததால் சீக்கிரம் நிறுத்தப்பட்ட கார்டு. சிகரெட் பிடிக்காத காரணமா, காசு தராத காரணமா என்று நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். 2022-ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. பிழை எதுவும் இல்லாமலேயே. வாக்னர் 1906-லிருந்து 1909 வரை விடாமல் நேஷனல் லீக் பேட்டிங் பட்டத்தை வைத்திருந்தார். 1910-ல் அதைப் பறித்தவர் யார் தெரியுமா? நம்ம மேகீ. பெயரை ஒழுங்காகப் போட்டிருக்கலாம்.

ஜனவரி 14

'பாதி சரி' என்று எழுதிவிட்டு மீதிப் பாதியைச் சொல்லவில்லை என்று தம்பி விடாமல் பிடிக்கிறார். சொல்கிறேன்.

1990 டாப்ஸ், எண் 414, ஃப்ராங்க் தாமஸ். கல்லூரி அணிச் சட்டையில் இருக்கும் கார்டு. அப்போது சிகாகோ வைட் சாக்ஸ் எடுத்த புதுப் பையன். பிறகு 521 ஹோம் ரன், 2014-ல் ஹால் ஆஃப் ஃபேம். இந்தக் கார்டில் ஒரு சின்னத் தொகுதியில் மட்டும் முன்பக்கத்தில் பெயரே இல்லை. பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கும்.

இதை யாரும் 'திருத்தவில்லை'. எழுத்துப்பிழை என்றால் ஒருவர் கவனிக்க வேண்டும், இன்னொருவர் முடிவெடுக்க வேண்டும், புது பிளேட் வர வேண்டும். இங்கே அப்படி இல்லை. கறுப்பு மை விழ வேண்டிய இடத்தில் ஏதோ குறுக்கே வந்து தடுத்திருக்கிறது. அந்தத் தடை இருந்த வரைக்கும் தாள்கள் அப்படியே ஓடின, தடை விலகியதும் சரியாகிவிட்டது. ஆதாரம், பெரிய தாளில் தாமஸுக்குப் பக்கத்தில் இருந்த கார்டுகளிலும் கறுப்புக் கோடுகள் அங்கங்கே அறுந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் தடை எந்த வடிவத்தில் உட்கார்ந்திருந்தது என்றே வரைந்துவிடலாம். சேகரிப்பாளர்கள் அப்படி வரைந்தும் இருக்கிறார்கள்.

எங்கள் பிரஸ்ஸில் இது வாராவாரம் நடக்கும். கிழிந்த தாள் துண்டு ஒன்று பிளாங்கெட்டில் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) ஒட்டிக்கொள்ளும். நாலு கலரில் மூன்று ஒழுங்காக விழும், ஒன்றில் மட்டும் ஓட்டை. மெஷின்மேன் தாளை இழுத்துப் பார்த்து நிறுத்துவதற்குள் சில நூறு போயிருக்கும். அதை ஒதுக்கி வைத்து, கட்டிங்குக்கு அனுப்பாமல் வேஸ்ட்டில் போடுவதுதான் முறை. கணக்கில் தாள் குறைகிறது என்று முதலாளி கத்துவார் என்பதால் உள்ளே தள்ளிவிடுகிற ஆளும் உண்டு. டாப்ஸில் என்ன நடந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கார்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஃப்ராங்க் தாமஸ் ஞாபகம் வருவதில்லை, தாளை இழுத்துப் பார்க்காமல் டீ குடிக்கப் போன ஒரு மெஷின்மேன்தான் ஞாபகம் வருகிறார்.

ஆக, திருத்தம் ஒரு வழி, தற்செயலாகச் சரியாவது இன்னொரு வழி. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: சரியானது நிறைய, தப்பானது கொஞ்சம்.

ஜனவரி 14, இரவு

மேலே எழுதியதில் ஒரு பிடி தளர்கிறது. தாமஸுக்குப் பக்கத்தில் கோடு அறுந்த கார்டுகளும் அதே அளவு அரிதானவைதானே? அதே தாள், அதே தடை, அதே எண்ணிக்கை. அவற்றுக்கு ஏன் அந்த விலை இல்லை?

இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, அந்தப் பெயர்கள் தாமஸ் இல்லை. இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: விலைப்பட்டியல். பெக்கெட் பத்திரிகை போன்றவை ஒரு பிழையைத் தனி வரியாக அச்சிட்டுவிட்டால், முழு வரிசையையும் சேர்க்கிறவனுக்கு அந்த வரியும் வேண்டும். டிக் அடிக்காத கட்டம் ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். பட்டியலில் ஏறாத பிழை வெறும் கழிவு. ஜீன் பேக்கரின் கால் பட்டியலில் ஏறிவிட்டது. 1958 டாப்ஸில் பாஞ்சோ ஹெரேரா பெயரில் கடைசி 'ஏ' (A) மறைந்து 'ஹெரேர்' என்று நிற்கிற கார்டும் ஏறிவிட்டது. அதே காலத்தில் வேறு யார் பெயரிலோ எழுத்து மங்கியிருந்தால் அது ஐந்து டாலர் டப்பாவில் கிடக்கும். ஹெரேராவும் உச்ச நட்சத்திரம் இல்லை. அவரை உயர்த்தியது அந்தப் பட்டியல் வரிதான்.

ஜனவரி 15

தபால்தலைக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். வாருங்கள். 1854-ல் கல்கத்தாவில் அச்சான நாலணா தபால்தலையில் விக்டோரியா ராணி தலைகீழாக இருக்கிற பிரதிகளைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். சிவப்புச் சட்டம் ஓர் ஓட்டம், நீலத் தலை இன்னோர் ஓட்டம். தாளை இரண்டாவது முறை திருப்பிக் கொடுத்தால் ராணி சிரசாசனம். அமெரிக்காவில் 1918-ல் 24 சென்ட் தலையில் விமானம் தலைகீழானதும் அதே இரண்டு ஓட்டச் சமாச்சாரம். நூறு தலை கொண்ட ஒரே தாள் தபால் நிலைய ஜன்னல் வழியாக வெளியே போனது.

ஒரு வித்தியாசம் சொல்லலாம். தபால்தலையில் பிழை என்றால் அரசாங்கத்துக்கு வெட்கம். பேஸ்பால் கார்டில் பிழை என்றால் மிட்டாய்க் கம்பெனிக்கு, பல நேரம், வியாபாரம். அது அடுத்த குறிப்பில்.

ஜனவரி 21

பில்லி ரிப்கன் கார்டைப் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று தெரியும்.

ஃப்ளீர் என்ற இன்னொரு கம்பெனி 1989-ல் போட்டது, எண் 616. பால்டிமோர் அணியின் பில்லி ரிப்கன், பெரிய ஆட்டக்காரர் கால் ரிப்கனின் தம்பி. மட்டையைத் தோளில் சாய்த்து நிற்கிறார். மட்டைப் பிடியின் அடிவட்டம் கேமராவைப் பார்த்தபடி இருக்கிறது, அதில் கொட்டை எழுத்தில் ஒரு கெட்ட வார்த்தை. கம்பெனியில் யாருமே கவனிக்கவில்லையாம், அப்படியே வெளியே வந்துவிட்டது. பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் எடுத்த படம்.

விஷயம் வெளியே வந்ததும் கம்பெனி மறைக்க முயன்ற விதம்தான் கூத்து. ஒரு ஓட்டத்தில் வெள்ளைப் பூச்சு. இன்னொன்றில் கிறுக்கல். கடைசியில் கறுப்புக் கட்டம். கடையில் மலிந்து கிடப்பது கறுப்புக் கட்டம். பூச்சு உள்ளது அகப்படுவது கடினம், கெட்ட வார்த்தை முழுசாகத் தெரிகிற மூலக் கார்டை விட விலையும் அதிகம். பிழையை விடத் திருத்தம் அரிதாகப் போன கேஸ் இது. தம்பி, உங்கள் ஒரு வரிச் சூத்திரத்தை இதில் பொருத்திப் பாருங்கள்.

இருபது வருடம் கழித்து, 2009-ல், எழுதியது தானேதான் என்று ரிப்கன் ஒத்துக்கொண்டார். பயிற்சிக்கு வைத்திருந்த மட்டை, மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க அடையாளம் போட்டாராம். அடையாளத்துக்கு ஒரு எண் போட்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள், பேஸ்பால் ஓய்வறை அப்படித்தான்.

மூலக் கார்டு எண்ணிக்கையில் அரிது ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் கார்டுகளை மலை மலையாக அச்சடித்தார்கள். அப்படியிருந்தும் முப்பத்தைந்து வருடமாக வாங்க ஆள் இருக்கிறது. 14-ஆம் தேதி 'சரியானது நிறைய, தப்பானது கொஞ்சம்' என்று எழுதினேனே, இந்தக் கார்டு அந்தக் கணக்குக்குள் வராது. இதை வாங்குகிறவன் சிரிப்பதற்காக வாங்குகிறான். என்னிடமும் ஒன்று இருக்கிறது, விருந்தாளி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

ஜனவரி 22

சிரிப்புக்காக வாங்குவது என்றால் என் வாக்கு வேறு இரண்டுக்கு.

1959 டாப்ஸ், எண் 440, லூ பர்டெட். மில்வாக்கி பிரேவ்ஸின் வலது கை பந்துவீச்சாளர். 1957 வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸுக்கு எதிராக மூன்று ஆட்டம் வென்றவர். படம் எடுக்க வந்தவனை ஏமாற்ற, அணித் தோழர் வாரன் ஸ்பானின் கையுறையை வாங்கி வலது கையில் மாட்டிக்கொண்டு இடது கையால் வீசுவதுபோல் நின்றார். படமெடுத்தவன், ஆபீஸ், பிரஸ் எல்லோரும் நம்பினார்கள். அது போதாதென்று பெயரின் எழுத்தையும் கம்பெனி தன் பங்குக்குத் தப்பாகப் போட்டது. ஆரன் கார்டில் ஃபிலிம் திரும்பியது, இங்கே மனுஷனே திரும்பி நின்றார். இரண்டு பேரும் ஒரே அணி வேறு.

அடுத்தது 1969 டாப்ஸ், ஏஞ்சல்ஸ் அணியின் அவுரேலியோ ரோட்ரிகஸ். கார்டில் இருப்பது அவர் இல்லை. அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கிற பையன். நிஜ ரோட்ரிகஸ் 1976-ல் கோல்ட் கிளவ் விருது வாங்கி, பதினாறு வருடம் தொடர்ந்து அதை வாங்கிவந்த ப்ரூக்ஸ் ராபின்சனின் ஓட்டத்தை நிறுத்தியவர். அவருடைய முதல் கார்டில் முகம் அந்தப் பையனுடையது.

இரண்டும் திருத்தப்படாதவை. அதனால் மலிவு. அதனால் எனக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி 3

இன்று ஒரு ஓட்டல் ஹாலில் கார்டு சந்தை. கண்ணாடிப் பெட்டிக்காரர்களைத் தாண்டி நேராகக் கடைசி மேஜைக்குப் போனேன். அங்கே அட்டைப் பெட்டியில் தப்பாக வெட்டிய கார்டுகள் குவிந்து கிடந்தன. கட்டிங் மெஷினில் தாள் நகர்ந்தால் வருவது இது: ஒரு கார்டில் ஒருவர் மூக்குக்கு மேல், இன்னொருவர் மூக்குக்குக் கீழ். நடுவில் வெள்ளைக் கோடு.

கார்டுகளுக்குத் தரம் போடும் பிஎஸ்ஏ கம்பெனி இதற்கு ஒரு குறி வைத்திருக்கிறது, தப்பான வெட்டு என்று. அச்சுக் குறைக்கு இன்னொரு குறி. அந்த எழுத்துகள் ஒட்டினால் விலை சரியும். அதே பிஎஸ்ஏ பெயரில்லாத ஃப்ராங்க் தாமஸைத் தனி வகையாக ஏற்றுப் பெட்டியில் அடைத்துத் தரும். மெஷினில் மை விழாமல் போனது ஓரிடத்தில் குறை, இன்னோரிடத்தில் வகை. பட்டியல் வரியைப் பற்றி முன்பு எழுதினேன், நடைமுறையில் அதன் முகம் இதுதான்.

தப்பான வெட்டுக்கு ஓர் உபயோகம் உண்டு, சந்தையில் யாரும் அதிகம் பேசுவதில்லை. டி206-க்கு வெட்டாத முழுத் தாள் கையில் இல்லை. எந்தக் கார்டுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்று கண்டுபிடிக்க, அடுத்த கார்டின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த இந்தக் கோணல் கார்டுகள்தான் சாட்சி. மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வருபவை உண்டு. பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளின் பெயர். அதிலிருந்துதான் ஒரே படத்தைச் செங்குத்தாக அடுக்கி அச்சடித்தார்கள் என்று தெரிந்தது. நேர்த்தியாக வெட்டிய கார்டு இதைப் பற்றி வாயே திறக்காது.

பிப்ரவரி 4

நேற்று ஒரு மேஜையில் 'சிவப்பு மை விழாத' கார்டு என்று ஒன்றைக் காட்டினார்கள். கேட்ட விலை கொஞ்சநஞ்சம் இல்லை. விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், அவரும் ஏமாந்து வாங்கியிருக்கலாம்.

ஊரில் டீக்கடைச் சுவரில் வெயில் படுகிற இடத்தில் மாட்டிய பழைய காலண்டரைப் பார்த்திருக்கிறீர்களா? லட்சுமியின் சிவப்புச் சேலை நீலமாகியிருக்கும், முகமும் நீலமாகியிருக்கும். வெயிலில் முதலில் ஓடுவது மஞ்சளும் சிவப்பும். நீலமும் கறுப்பும் நிற்கும். இந்தக் கார்டும் அப்படித்தான், ஜன்னலில் காய்ந்த கார்டு. பிரஸ்ஸில் சிவப்பு விழாமல் போனால் சிவப்பு மட்டும்தான் இருக்காது, மஞ்சள் முழுசாக இருக்கும். இதில் மஞ்சளும் சோர்ந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிவப்புப் புள்ளிகளின் சாயல் அங்கங்கே தெரிந்தது. விழாத மைக்குச் சாயல் ஏது?

பெயரில்லா தாமஸுக்கும் சோதனை உண்டு. கறுப்பு எழுத்து கலர் மேல் உட்காருகிறது. மை விழவே இல்லை என்றால் அடியில் உள்ள கலர் அப்படியே, பளபளப்பு மாறாமல் இருக்கும். ரப்பரிலோ மருந்திலோ அழித்திருந்தால் கார்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடியுங்கள், அந்தக் கட்டம் மட்டும் மங்கலாகத் தெரியும். கூடவே ஓரக் கறுப்புக் கோடு அறுந்திருக்க வேண்டிய இடத்தில் அறுந்திருக்கிறதா பாருங்கள். பெயர் இல்லாமல் கோடு மட்டும் முழுசாக இருந்தால் அழித்த ஆளுக்குக் கதை முழுக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

பிப்ரவரி 11

"கம்பெனிகளே வேண்டுமென்று பிழை செய்திருக்குமா?" என்று கேட்கிறார் ஒரு அண்ணன். எண்பதுகளின் கடைசியில் அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. பிழை வந்த வரிசை பரபரப்பாக விற்றது, அடுத்த பெட்டியைப் பிரிக்க ஆள் வந்தது. சந்தேகத்தைத் தாண்டி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஆனால் இல்லாத கார்டை வைத்தே வியாபாரம் நடந்ததற்குச் சாட்சி உண்டு. பாஸ்டன் கவுடி கம் கம்பெனி, 1933. வரிசையில் 240 எண். 106 மட்டும் கிடையாது. அச்சடிக்கவே இல்லை. எவ்வளவு பபிள்கம் வாங்கி மென்றாலும் வராது. தாடை வலித்த பிள்ளைகளும் அப்பாக்களும் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். மறு வருடம் அந்த எண்ணில் நாப் லாஜவே கார்டை அச்சடித்து, எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பினார்கள். லாஜவே 1916-லேயே பெரிய லீக்கை விட்டுப் போனவர், பிள்ளைகளில் அநேகமாக யாருமே அவர் ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடிதத்தோடு சேர்த்து கிளிப் குத்தி அனுப்பினார்கள். இன்று கிடைக்கிற லாஜவே கார்டுகள் பலவற்றில் மேல் ஓரத்தில் அந்தக் கிளிப்பின் தடம் அழுந்தியிருக்கிறது. வேறு எந்தக் கார்டிலும் இருந்தால் கறை. இதில் அது பிறப்புச் சான்றிதழ்.

பிப்ரவரி 18

டல்லாஸ்காரர் பெட்டியை முழுக்கக் கொட்டிப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஜீன் பேக்கர் இருக்கிறார், ஆனால் காலோடு இருக்கிறார். போகட்டும்.

பட்டியலில் என் கண் நின்றது 1974 டாப்ஸ் வில்லி மெக்கோவி. "சான் டியேகோவில் ஆடியவருக்கு ஏன் வாஷிங்டன் என்று போட்டிருக்கிறது, இதுவும் தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு என்று சொல்ல மனசு வரவில்லை. 1973 முடிவில் சான் டியேகோவின் பாட்ரேஸ் அணி வாஷிங்டனுக்குப் போவதாகப் பேச்சு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. டாப்ஸ் செய்தியை நம்பி 'வாஷிங்டன் நேஷனல் லீக்' என்று அச்சைத் தொடங்கியது. அணிக்குப் பெயர் கூட வைக்கவில்லை, பாருங்கள், ஊரும் லீக்கும் மட்டும்தான். 1974 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் ரே க்ராக் அணியை வாங்கி சான் டியேகோவிலேயே வைத்துக்கொண்டார். டாப்ஸ் அவசரமாக மாற்றியது. இரண்டு விதமும் வெளியே போயின.

ஒருநாளும் ஆடாத ஓர் அணியின் கார்டு உங்கள் பையன் கையில் இருக்கிறது. விலை உண்டு, ஆரன் அளவுக்கு இல்லை. இந்தப் பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆரனை விடவும்.

மார்ச் 2

டல்லாஸ்காரருக்குக் கடைசியாக ஒன்று. பையன் ரேஞ்சர்ஸ் ரசிகன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1979 டாப்ஸ், எண் 369, பம்ப் வில்ஸ் வாங்கிக் கொடுங்கள். டெக்சஸ் அணிக்காரர். டாப்ஸ் முதலில் டொரான்டோ புளூ ஜேஸ் என்று அணிப் பெயர் போட்டு, பிறகு ரேஞ்சர்ஸ் என்று மாற்றியது. சட்டை டெக்சஸ் சட்டைதான், பெயர் மட்டும் டொரான்டோ. இரண்டு விதமும் தாராளமாகக் கிடைக்கும், பெரிய செலவு இல்லை. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். தனித்தனியாக 'அரிய பிழை' என்று எழுதி விற்பவரிடம் வேண்டாம்.

ஆரனை விற்கப் போகிறீர்களா, வைத்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. விற்பதென்றால் முதலில் தரம் போட அனுப்புங்கள். படிவத்தில் 'பிழை' என்று எழுதிவிடாதீர்கள், வாங்கிப் பார்க்கிற ஆள் சிரிப்பான்.